சிவப்புப் பெட்டிக்கு வாய் முளைத்தது

அவளுக்கு வீட்டில் ஆசையாக வைத்த பெயர் ஒன்று உண்டு. ஆனால் அதைச் சொல்லிக் கூப்பிடத்தான் ஆளில்லை. அலுவலகத்தில் எல்லாருக்கும் அவள் ஏனக்கா. எதைச் சொன்னாலும் "ஏன்?" என்று கேட்கிறவளை வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்? லிஃப்ட் ஓடவில்லை என்றால் மற்றவர்கள் முணுமுணுத்துக்கொண்டே படியேறிப் போவார்கள். இவள் கீழேயே நின்று, ஏன் ஓடவில்லை, எப்போதிலிருந்து ஓடவில்லை என்று காவலாளியைக் குடைந்து எடுப்பாள். காவலாளி அவளைத் தூரத்தில் கண்டாலே தண்ணீர் குடிக்கப் போய்விடுவார்.

பிழைப்பு, இணையப் பக்கம் கட்டுவது. சைக்கிள் கடைக்கு மேலே ஒரு சின்ன அலுவலகம். கீழே டயருக்குக் காற்றடிக்கும் சத்தம், மேலே கீபோர்டு சத்தம். பல் மருத்துவமனை, டிரைவிங் ஸ்கூல், சலவைக்கடை என்று யார் வந்து கேட்டாலும் பக்கம் கட்டிக் கொடுப்பார்கள். கட்டடம் எழுப்புகிறவர்கள் முதலில் சாரம் கட்டுவார்கள் இல்லையா, இணையப் பக்கம் எழுப்பவும் அப்படி ஒன்று வேண்டும். அவர்கள் வைத்திருந்த ஃப்ரேம்வொர்க்கின் பெயரே சாரம்தான். அது யாருடைய சொத்தும் இல்லை. உள்ளே இருக்கும் ஒவ்வொரு வரியையும் யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம், திருத்தம் எழுதி அனுப்பலாம். எங்கெங்கோ உட்கார்ந்திருக்கும் ஆட்கள் தங்கள் வேலை போக மிச்ச நேரத்தில் அதை வளர்த்து வந்தார்கள்.

நல்ல சாதனம்தான், குறை சொல்லக்கூடாது. உடையாதவரைக்கும் தங்கம். உடைந்துவிட்டால் மட்டும் திரை முழுக்க ஒரு சிவப்புப் பெட்டி வந்து நிற்கும். அதன் தலையில் ஆங்கிலத்தில் ஒரு வரி. தமிழில் சொன்னால், 'இல்லாததன் உயரத்தைப் படிக்க முடியாது'. எது இல்லை, யாருக்கு எதற்கு உயரம், ஒன்றும் தெரியாது. அதற்குக் கீழே சாரத்தின் குடலை உருவி வெளியே போட்டதுபோல் வரிசையாகக் கோப்புப் பெயர்கள். பக்கத்தை எழுதினவனின் சொந்தக் கோப்பு அந்தக் கூட்டத்தில் எங்கே என்று பூதக்கண்ணாடி வைத்துத் தேட வேண்டும். ஏனக்காவுக்கு அது பழகிப்போயிருந்தது. லிஃப்டுக்கு ஏன் கேட்டவள் இதற்கு மட்டும் ஒரு நாளும் ஏன் கேட்டதில்லை என்பதுதான் வேடிக்கை.

கேட்க வைத்தவன் அவள் தம்பி.

தம்பி லாரி ஓட்டுகிறவன். ஓட்டினவன் என்று சொல்ல வேண்டும். முதுகெலும்பில் ஒரு தட்டு பிதுங்கி, ஒரு காலையில் படுக்கையிலிருந்து எழுந்திருக்கவே முடியாமல் போனது. இனி ஸ்டியரிங் பக்கம் போனால் கால் விளங்காமல் போய்விடும் என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். அவன் மனைவி வீட்டின் முன்னறையில் டெய்லரிங் கடை வைத்திருந்தாள். அந்தக் கடைக்கே ஒரு பக்கம் கட்டி, அதைக் காட்டி வெளியே வேலை பிடிப்பது என்று அக்காவும் தம்பியும் பேசி முடிவெடுத்தார்கள். துணி வெட்டுகிற மேசையின் ஒரு ஓரம் அவனுடைய கம்ப்யூட்டருக்கு ஒதுக்கப்பட்டது. சாக்பீஸ் தூளும் நூல் பிசிறும் கீபோர்டுக்குள் விழுந்துகொண்டிருக்க, முதுகுக்குப் பின்னால் தலையணை முட்டுக்கொடுத்து, படிக்க ஆரம்பித்தான். வேகமாகவே பிடித்துக்கொண்டான். ஆனால் மகா ரோஷக்காரன்.

"நீ கை வைக்கக் கூடாதுக்கா. நீ சரி பண்ணிக் குடுத்தா அது உன் பேஜ். எனக்கு எதுக்கு?" என்று ஆரம்பத்திலேயே எல்லை போட்டுவிட்டான்.

எந்தத் துணி எந்த நாளில் தைத்துத் தர வேண்டும் என்று கிழமைவாரியாகக் காட்டும் பக்கம் அது. கொஞ்ச நாள் நன்றாகப் போயிற்று. கிழமைகளைச் சேர்த்த அன்றைக்குச் சிவப்புப் பெட்டி வந்தது. மறுநாளும் வந்தது. வாரங்கள் போயின, பெட்டி போகவில்லை. ஒருநாள் சாயங்காலம் ஏனக்கா எட்டிப் பார்த்தபோது, தம்பி மனைவி அவளை ஓவர்லாக் மெஷின் பக்கம் ஒதுக்கிக் கொண்டுபோனாள்.

"அண்ணி, இவரு லாரி ஓனர்கிட்ட போன்ல பேசிட்டாரு. திங்கக்கிழமை வர்றேன்னு சொல்லிட்டாரு."

"என்னது? டாக்டர் என்ன சொன்னாருன்னு மறந்துட்டானா?"

"நான் அழுதுகூடப் பாத்துட்டேன். 'எனக்கு இது வராது, எனக்கு மூளை இல்லை, தெரிஞ்ச வேலைக்குப் போறேன்'ங்கிறாரு. நீங்களாவது சொல்லுங்களேன்."

ஏனக்கா தம்பியின் பின்னால் போய்ச் சத்தமில்லாமல் நின்றாள். அவன் ஏதோ திருத்தினான், பக்கத்தைத் திறந்தான், பெட்டி வந்தது. வந்த வேகத்திலேயே அதை மூடினான். மறுபடி திருத்தினான், பெட்டி வந்தது, மூடினான். அவன் அதைப் படிக்கவே இல்லை. சிவப்பைக் கண்டதும் அவன் தோள் இரண்டும் காதுவரை ஏறி இறங்கின. திட்டப்போகிற வாத்தியார் முன்னால் நிற்கிறவன்போல் இருந்தான்.

"படிச்சுப் பார்த்துட்டு மூடேன்டா."

"படிச்சா மட்டும்? நீ முட்டாள்னு பெரிய இங்கிலீஷ்ல சொல்லுது. அதான் எனக்கே தெரியுமே."

அவனை நாலு வார்த்தை திட்டத்தான் வாய் திறந்தாள். ஆனால் கோபம் அவன் மேல் நிற்கவில்லை. அந்தப் பெட்டி மேல் அவளுக்கு வந்த கோபம் இருக்கிறதே, அப்படியொரு கோபம் அதுவரை எந்த மனிதர் மேலும் வந்ததில்லை. ஒருவன் தடுக்கி விழுந்தால் எங்கே தடுக்கியது என்று சொல்ல வேண்டாமா? குடலை உருவிக் காட்டி மிரட்டினால் எவன் எழுந்திருப்பான்? இத்தனை வருஷம் இதைச் சகித்துக்கொண்ட தன் மேலும் கோபம் வந்தது. ஆனாலும், தவறு தம்பியின் கோப்பில்தான் எங்கேயோ இருக்கிறது என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. அந்தத் தொழிலில் இருக்கிற எல்லாரையும்போல, புதிதாக வந்தவன்தான் தப்புப் பண்ணியிருப்பான் என்று அவளும் முடிவு கட்டியிருந்தாள்.

அப்புறம் பிடித்தது பாருங்கள் பேய். அலுவலக வேலை போக மீதி நேரமெல்லாம் சாரத்தின் உள்ளே புகுந்து கிடந்தாள். சமையலறை மேடையில் கம்ப்யூட்டர். ஒரு கை கரண்டியில், ஒரு கை கீபோர்டில். "குழம்புல என்ன எரர்னு அது சொல்லுமா?" என்று கணவர் கேட்டார். உப்பு இல்லை என்பதை அவர் அப்படித்தான் நாசூக்காகச் சொல்வார். அவள் அதைக் கேட்டதாகவே தெரியவில்லை.

அவள் யோசனை எளிமையானது. பக்கம் உடைந்த உடனே பெட்டி அவசரப்பட்டு வாய் திறக்கக் கூடாது. முதலில் விசாரிக்க வேண்டும். பக்கத்தை எழுதியவர் சாரம் கேட்டதைக் கேட்டபடி கொடுத்திருக்கிறாரா என்று பார்க்க வேண்டும். கொடுக்கவில்லை என்றால் அவருடைய கோப்பு, அவருடைய வரி, என்ன வேண்டும், என்ன வந்தது என்று நாலே வரியில் சொல்ல வேண்டும். அதுவும் படிக்கிறவர் மொழியில். தமிழ்ச் செய்திகளை அவளே உட்கார்ந்து எழுதினாள். சிவப்பையும் எடுத்துவிட்டு வெளிர் மஞ்சளாக்கினாள்.

அனுப்பினாள். அங்கேதான் பூட்டு உட்கார்ந்திருந்தார்.

சாரத்தின் அடுத்த பதிப்பில் எது சேரும், எது சேராது என்று தீர்மானிக்கிறவர் அவர். உண்மைப் பெயர் யாருக்கும் தெரியாது. தன் படத்துக்குப் பதில் ஒரு பூட்டுப் படம் வைத்திருந்தார். காரணம் இருந்தது. யார் வந்து என்ன கோளாறு சொன்னாலும் 'உங்கள் பக்கத்தில் பாருங்கள்' என்று ஒரே வரி எழுதி அந்தப் புகாரைப் பூட்டிவிடுவார். வெள்ளிக்கிழமையோடு புதிய பதிப்பின் கதவு அடைபடும், பிறகு மாதக்கணக்கில் திறக்காது என்று அறிவித்திருந்ததும் அவர்தான்.

புதிதாக எது சேர்ந்தாலும் ஏதாவது உடைகிறதா என்று தானே ஓடிப் பார்க்கும் சோதனைகள் சாரத்தில் உண்டு; அவள் திருத்தத்தைச் சேர்த்ததும் அவை பொலபொலவென்று விழுந்தன. விழுந்தால் திருத்தம் சேராது. காரணத்தைத் தோண்டினால் சிரிப்புதான் வந்தது. அந்தப் பழைய மொட்டை வரியை எழுத்துக்கு எழுத்து நம்பி ஊரில் ஏகப்பட்ட கருவிகள் பிழைத்துக்கொண்டிருந்தன. வரி மாறியதும் அவை திருவிழாவில் தொலைந்த பிள்ளைபோல் விழித்தன. சரி, போகட்டும் என்று பழைய வரியைப் பெட்டியின் அடியில் பொடி எழுத்தில் அப்படியே விட்டு வைத்தாள். சோதனைகள் ஒவ்வொன்றாகப் பச்சையாயின. மேடையில் ஓங்கித் தட்டினாள். கரண்டி எகிறிக் கீழே விழுந்தது.

பூட்டு அதற்கும் அசையவில்லை. ஆனால் அவள் எழுதியிருந்த தமிழ்ச் செய்திகளைப் பார்த்துவிட்டு, வெள்ளிக்கிழமை காலையில் தமிழிலேயே ஒரு வரி அனுப்பினார்: 'ஐந்து நிமிடம் பேசலாமா?' ஏனக்கா நாற்காலியிலிருந்து குதித்தாள்.

வீடியோவில் வந்தவரைப் பார்த்தால் பூட்டு மாதிரியே இல்லை. தோளில் ஈரத்துண்டு, கையில் பால் புட்டி, இடுப்பில் ஒரு குழந்தை.

"நல்லா எழுதியிருக்கீங்க, இல்லைங்கல. ஆனா இது நல்லா இருக்குன்னு நீங்க சொல்றீங்க, உங்க ஆபீஸ்ல சொல்றாங்க. நீங்கல்லாம் பழைய பெட்டியையே படிக்கத் தெரிஞ்சவங்க. ஒண்ணும் தெரியாத ஒருத்தர் இதை வெச்சுத் தன் தப்பைத் தானே கண்டுபிடிக்கட்டும். என் கண்ணு முன்னாடி. அப்போ சேர்த்துடறேன்."

"எப்போ பாக்கறீங்க?"

"கதவு சாயங்காலம் அடைபடும்."

"மத்தியானமே வாங்க. ஆள் என் கைவசம் இருக்கு."

"ஒரு கண்டிஷன். நீங்க வாயே திறக்கக் கூடாது."

வாய் திறக்கக் கூடாதாம். ஏனக்காவிடம்! கணவர் கேட்டிருந்தால் அந்தப் பூட்டுக்கு மாலை போட்டிருப்பார்.

தம்பியைச் சம்மதிக்க வைப்பதற்குள் அவளுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

"யாரோ பெரிய ஆளு முன்னாடி என்னை முட்டாளாக்கப் போறியா?"

"சோதனை உனக்கு இல்லடா, பெட்டிக்கு. உனக்குப் புரியலைன்னா பெட்டி ஃபெயில். புரியுதா?"

"பெட்டி ஃபெயிலாச்சுன்னா திங்கக்கிழமை நான் லாரிக்குப் போவேன். அப்போ நீ ஏன்னு கேக்கக் கூடாது."

"கேக்கல. போதுமா?"

சொல்லிவிட்டாளே தவிர, பயம் போகவில்லை. சாரத்தின் பதிப்பு எப்படியோ போகட்டும். இவன் திங்கட்கிழமை லாரியில் ஏறக்கூடாது, அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியது.

மத்தியானம் வெட்டுமேசையில் புதிய சாரத்தை ஏற்றினார்கள். தையல் மெஷின் நிறுத்தப்பட்டது. தம்பி மனைவி இஞ்ச் டேப்பைக் கழுத்தில் போட்டபடியே கதவோரம் நின்றாள். திரையின் மூலையில் பூட்டு, சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏனக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். தம்பி தலையணையைச் சரிசெய்துகொண்டு பக்கத்தைத் திறந்தான்.

மஞ்சள் பெட்டி வந்தது. பழக்கதோஷத்தில் அவன் விரல் மூடப் போனது. போனது, நின்றது. உதட்டை அசைத்துப் படிக்க ஆரம்பித்தான்.

"உங்கள் கோப்பில் தவறு இல்லை."

ஏனக்கா திரைக்குக் கிட்டே குனிந்தாள்.

"நீங்கள் கொடுத்த பட்டியல் சரியானதே. அதில் 'விடுமுறை' என்ற பகுதி காலியாக இருப்பதால், அதை வரிசைப்படுத்தும்போது சாரம் தடுக்கி விழுந்தது. தவறு எங்களுடையது. மன்னிக்கவும்."

அந்த வாக்கியங்களை எழுதியவள் அவள்தான். எல்லா வழியையும் அடைத்துவிட வேண்டுமே என்று, எழுதியவர் மேல் குற்றம் இல்லை என்று விசாரணையில் தெரிந்தால் என்ன சொல்வது என்பதற்காக, ஒரு மரியாதைக்கு எழுதி வைத்தது. அது வரும் என்று அவளே நினைத்ததில்லை. போச்சு, நம்ம பெட்டி உளறிவிட்டது, தப்பைக் கண்டுபிடிக்கத் தெரியாமல் கையை விரித்துவிட்டது என்றே நினைத்தாள்.

பூட்டும் அப்படித்தான் நினைத்தார். சத்தத்தைத் திறந்தார். "மேடம், இது வரவே கூடாதே. அந்த இடம் ரொம்ப நாளா ஓடிட்டு இருக்கு, இதுவரைக்கும் யாரும் குறை சொன்னதில்லை. உங்க செய்திதான் தப்பு. அவரு பக்கத்துல நல்லாப் பாருங்க."

பதில் சொல்ல நாக்கு துடித்தது. கண்டிஷன். பல்லைக் கடித்துக்கொண்டாள். கண்ணில் நீர் கட்டிக்கொண்டு வந்தது.

தம்பிதான் பேசினான். "இருங்க சார். அதான் இவ்வளவு தெளிவா சொல்லுதே. விடுமுறை காலியா இருக்காம். எங்க கடைக்கு வாரத்துல ஒரு நாள் லீவு. லீவு நாள்ல ஆர்டர் எப்படி இருக்கும்? காலியாத்தான் விட்டேன்."

"காலியா விடலாம். அதுல தப்பே இல்லை. அதை விதிமுறையில நான் எப்பவோ எழுதி வெச்சாச்சு."

"அப்போ காலியா இல்லைன்னா என்ன பண்ணுதுன்னு பாத்துருவோமே."

அவன் யாரையும் பார்க்கவில்லை. விடுமுறை நாளில் ஒரு பொய் ஆர்டரைப் போட்டான்: ஒரு சட்டை, கை நீளம். பக்கத்தைத் திறந்தான்.

திறந்தது! வாரக்கணக்காக முகம் காட்டாத பக்கம், கிழமை கிழமையாக, பாவாடையும் சட்டையும் ஜாக்கெட்டுமாக, கடைசி வரி வரைக்கும் வரிசையாக இறங்கி வந்து நின்றது. கதவோரத்திலிருந்து தம்பி மனைவி "ஐயோ!" என்று கத்திவிட்டாள். சந்தோஷ ஐயோ. தம்பி அந்தப் பொய்ச் சட்டையை எடுத்தான், பக்கம் உடைந்தது. மறுபடி போட்டான், திறந்தது. எடுத்தான், போட்டான், எடுத்தான், போட்டான். விளக்கு ஸ்விட்சு கையில் கிடைத்த குழந்தைபோல் நிறுத்தவே மனமில்லை அவனுக்கு.

திரை மூலையில் பூட்டின் முகத்தில் ஈயாடவில்லை. குழந்தையை யாரிடமோ கொடுத்துவிட்டுப் படபடவென்று ஏதோ தட்டினார். படித்தார். இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். அப்புறம் சிரித்தார் பாருங்கள், வீடே அதிர்கிற சிரிப்பு.

"வரிசைப்படுத்தறதுக்கு, பட்டியல்ல நிக்கிற முதல் ஆளோட உயரத்தை அளக்கச் சொல்லி எழுதியிருக்கேன். ஆளே இல்லைன்னா யாரை அளக்கிறதுன்னு யோசிக்கவே இல்லை. நான் எழுதினதுங்க அது! நானே! இதே குறையைச் சொல்லிட்டு எத்தனை பேரு வந்தாங்களோ, எல்லாரையும் 'உங்கள் பக்கத்தில் பாருங்கள்'னு சொல்லிப் பூட்டிட்டேன்."

"நான் இப்போ பேசலாமா?" என்றாள் ஏனக்கா.

"பேசுங்க, பேசுங்க. இனிமே உங்களை யாரு தடுப்பா? உங்க திருத்தம் சேர்ந்தாச்சு. பாருங்க, இப்பவே அமுக்கறேன்."

அமுக்கினார். திரையில் பச்சை விழுந்தது. சாரம் ஓடுகிற எல்லா ஊர்களிலும், இன்று முதன்முதலாகப் பக்கம் எழுதப்போகிற எல்லார் முன்னாலும், அவள் எழுதிய நாலு வரி போய் நிற்கப் போகிறது. அதை நினைத்ததும் அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. தம்பி மனைவியைக் கட்டிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினாள். கழுத்து இஞ்ச் டேப் இரண்டு பேரையும் சேர்த்துப் பின்னிக்கொண்டது.

தம்பி மட்டும் எழுந்திருக்கவில்லை. பொய்ச் சட்டையை எடுத்துவிட்டு, மஞ்சள் பெட்டியை மறுபடி வரவழைத்து, அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அக்கா."

"என்னடா?"

"அப்போ இத்தனை நாளா நான் முட்டாள் இல்லையா?"

நானும்தானேடா உன்னைச் சந்தேகப்பட்டேன் என்று நினைத்துக்கொண்டாள். அவன் தலையில் கையை வைத்தாள். அவன் தட்டிவிடவில்லை.

"சார், இந்தக் குறையை யாரு எழுதிப் போடணும்?" என்று கேட்டான் தம்பி, திரையைப் பார்த்து.

"கண்டுபிடிச்சவருதான். நீங்கதான்."

"இங்கிலீஷ் சுமாராத்தான் வரும்."

"உங்களுக்கு வர்ற மாதிரி எழுதுங்க. நான் பூட்ட மாட்டேன்."

தம்பி எழுதினான். பூட்டு அங்கிருந்தே, சாரத்தில் தான் எழுதியிருந்த அந்த வரியைச் சரிசெய்து அனுப்பினார். விடுமுறை நாள் காலியாகவே இருக்க, பக்கம் ஒழுங்காகத் திறந்தது. பூட்டு விடைபெற்றுப் போனார். குழந்தை கை ஆட்டியது. அதோடு ஓய்வெடுப்பான் என்று பார்த்தால், தம்பி அடுத்த பக்கத்தை ஆரம்பித்துவிட்டான், வாடிக்கையாளரின் அளவு எடுத்து வைக்கிற பக்கம். தையல் மெஷின் மறுபடி ஓட ஆரம்பித்தது. ஏனக்கா துணிக் குவியலை நகர்த்திவிட்டு உட்கார்ந்தாள். திங்கட்கிழமையைப் பற்றி எப்படிப் பேச்செடுப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தாள்.

அப்போது மஞ்சள் பெட்டி ஒன்று வந்தது. தம்பி மூடவில்லை. முகத்தைக் கிட்டத்தில் கொண்டுபோய் நிதானமாகப் படித்தான். உங்கள் கோப்பு, இந்த வரி, இங்கே எண் வேண்டும், எழுத்து வந்திருக்கிறது என்றது பெட்டி. அந்த வரியைத் தேடிப் போனான். பார்த்தான். பளிச்சென்று திரும்பினான், அவன் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை அவள் பார்த்து வெகுநாளாகியிருந்தது.

"அக்கா, இங்க வந்து பாரேன்! இது என் தப்பு! இது சத்தியமா என் தப்புதான்!"

மெஷின் நின்றது. தம்பி மனைவி அவன் முகத்தைப் பார்த்தாள். மேசை மேல் கிடந்த அவனுடைய போனை எடுத்து, லாரி ஓனரின் எண்ணைத் தானே தேட ஆரம்பித்தாள்.